டெல்ஃபினியத்தின் உயிர் தூரில் இருக்கிறது

இரண்டு ஆண்டுகளாக டெல்ஃபினியம் வளர்க்க முயன்று தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆண்டு ஒரு விதைகூட முளைக்கவில்லை. அடுத்த ஆண்டு முளைத்து, இடுப்புக்கு மேல் உயர்ந்து, நீலக் கதிர் பாதி விரிந்திருந்த நேரத்தில் ஒரே மழையில் தண்டுகள் ஒடிந்து சாய்ந்துவிட்டன. குளிர்காலம் கழிந்த பிறகு அந்தச் செடிகள் தளிர்க்கவும் இல்லை. இது வீட்டுத் தோட்டத்துக்கு ஆகாத செடியா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாக ஆகும். உங்களுக்கு நேர்ந்த மூன்று இழப்புகளும் இந்தச் செடியை வளர்க்கத் தொடங்கும் எல்லோருக்கும் நேர்வதுதான். எனக்கும் முதல் இரண்டு பருவங்கள் அப்படித்தான் போயின. காரணங்கள் வேறு வேறு என்றாலும் அவை தொடங்குகிற இடம் ஒன்றே. நாம் பூங்கதிரைப் பார்த்து மயங்கி இந்தச் செடியை வாங்குகிறோம். கவனம் முழுவதும் மேலேயே போய்விடுகிறது. டெல்ஃபினியம் பிழைப்பதும் சாவதும் மண்ணோடு ஒட்டியிருக்கும் தூரில் தீர்மானமாகிறது. வேரும் தண்டும் சந்திக்கிற அந்தத் தூர் அழுகாமல், நத்தை தின்னாமல், வெயிலில் வெந்துபோகாமல் இருந்தால் பூ தானாக வரும்.

முதலில் அதன் பிறப்பிடத்தை மனத்தில் வையுங்கள். டெல்ஃபினியம் பேரினத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வடகோளத்தின் பல பகுதிகளிலும், வெப்ப மண்டல ஆப்பிரிக்காவில் உயர்ந்த மலைகளிலும் அவை இயல்பாக வளர்கின்றன. தோட்டங்களில் நாம் காணும் உயரமான கலப்பினங்களுக்கு முக்கியமான தாய் டெல்ஃபினியம் எலாட்டம் என்ற இனம். ஐரோப்பிய மலைகளிலிருந்து சைபீரியா வரை அதன் வாழிடம் பரந்திருக்கிறது. அங்கே குளிர்காலம் கடுமையாகவும் கோடை மிதமாகவும் இருக்கும். நீர் வரும், ஆனால் நிற்காமல் வழிந்தோடும். இந்த ஒரு காட்சியை மறக்காமல் இருந்தால், கீழே நான் சொல்லப்போகும் பாதிச் செய்திகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

பூவின் அமைப்பையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். நீலமாக விரிந்திருப்பவை பெரும்பாலும் அல்லி இதழ்கள் என்றே நினைக்கிறோம். உண்மையில் அவை ஐந்து புல்லி இதழ்கள். மேற்புற இதழ் பின்னால் ஒரு வாலாக நீண்டிருக்கும், அதற்குள்தான் தேன். நடுவே வெள்ளையாகவோ கறுப்பாகவோ கொத்தாகத் தெரிபவையே உண்மையான அல்லி இதழ்கள். பார்ப்பதற்கு ஒரு தேனீ வந்து உட்கார்ந்திருப்பது போலிருப்பதால் வளர்ப்பவர்கள் அதைத் தேனீ என்றே அழைக்கிறார்கள். விரியாத மொட்டின் வடிவம் டால்ஃபினை நினைவூட்டியதால் கிரேக்கர்கள் வைத்த பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. செடிகளில் நீலத்தையும் ஊதாவையும் தரும் முக்கியமான நிறமி ஒன்றுக்கு டெல்ஃபினிடின் என்று பெயர். அந்தப் பெயர் இந்தப் பூவிலிருந்து போனது. நீல நிறத்துக்கே பெயர் தந்த செடிக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருப்பது அதிகமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

எந்த வகையைத் தேர்வது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். விதைப் பொட்டலங்களில் பரவலாகக் கிடைப்பது பசிபிக் ஜயன்ட் என்ற வரிசை. ஃபிராங்க் ரைனல்ட் என்பவர் கலிபோர்னியாவில் உருவாக்கியது. ஆர்தர் மன்னர் கதையின் பெயர்களைத் தாங்கிய நிறங்கள் அதில் உண்டு: கிங் ஆர்தர் அடர் ஊதா, காலஹாட் தூய வெள்ளை, பிளாக் நைட் கருநீலம். பிரம்மாண்டமாகப் பூக்கும், ஆயுள் மட்டும் குறைவு. பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நியூசிலாந்தில் டெரி டௌட்ஸ்வெல் உருவாக்கிய நியூ மில்லெனியம் வரிசையின் தண்டு இதைவிட உறுதி, வெப்பத்தையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். போத்து, அதாவது வெட்டி நட்டு வேர்விடச் செய்யும் இளந்தண்டு, மூலம் மட்டுமே பெருக்கப்படும் பெயர்பெற்ற எலாட்டம் வகைகள் நல்ல இடத்தில் பல ஆண்டுகள் வாழும். பெல்லடோனா பிரிவு உயரம் குறைந்தது. கிளைத்துக் கிளைத்துப் பூக்கும், காற்றுக்கும் அவ்வளவாக அஞ்சாது. உங்கள் தோட்டம் காற்றடிக்கும் இடமாக இருந்தால் அதிலிருந்தோ, முக்கால் மீட்டர் அளவில் நின்றுவிடும் மேஜிக் ஃபவுன்டன்ஸ் வரிசையிலிருந்தோ தொடங்குங்கள். ஆளுயரக் கதிர்தான் வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் முதல் தோல்வி. விதை முளைக்காததற்கு நீங்கள் மண்ணையோ தண்ணீரையோ குறை சொல்ல வேண்டியதில்லை. டெல்ஃபினியம் விதையின் முளைப்புத்திறன் சூடான அறையில் வேகமாகக் குறைந்துவிடும். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலம் பாதி செத்த பொட்டலம்தான். வாங்கிய அன்றே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இன்னொரு காரணம் விதைத்த இடத்தின் வெப்பம். மற்றச் செடிகளுக்குப் பழகிய நாம் விதைத்தட்டை வெதுவெதுப்பான இடத்தில் வைக்கிறோம். இதற்கு 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதும். அதைத் தாண்டி வெப்பம் கூடக் கூட முளைப்பு சரியும். நல்ல விதையும் அயர்ந்து தூங்கிவிடும்.

நான் செய்கிற முறை இது. மெல்லிய காகிதக் கைக்குட்டையை நனைத்து, பிழிந்து, அதன்மேல் விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஒன்று முதல் இரண்டு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பேன். உறையறையில் அல்ல, கீழ்த்தட்டில். பிறகு எடுத்து விதைத்தட்டில் தூவி, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய மண் போர்த்தி, இருட்டான குளிர்ந்த மூலையில் வைப்பேன். இரண்டு மூன்று வாரங்களில் முளை தெரியும். தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும். மேல் மண் ஈரமாகவே கிடந்தால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் வரிசையாகச் சாய்ந்துவிடும். ஆகவே தட்டின் அடியிலிருந்து நீர் ஏறும்படி வைத்து, மேல்பரப்பு உலர்ந்த பிறகே மறுபடி நீர் காட்டுங்கள். முதலில் வரும் இரண்டு இலைகள் வழவழப்பாக முட்டை வடிவில் இருக்கும், அவை விதையிலைகள். பிளவுபட்ட உண்மையான இலைகள் இரண்டு மூன்று வந்ததும் தனித்தனிச் சிறு தொட்டிகளுக்கு மாற்றலாம். குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் உள்ளே விதைத்தால், வசந்தம் நிலைபெறும்போது நட நாற்று தயாராக இருக்கும்.

நடும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே செய்த தவறைப் பிறகு திருத்த முடியாது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். கோடை சுடும் இடமென்றால் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் நல்லது. சுவரை ஒட்டி நடாதீர்கள். சுவர் காற்றைத் தடுக்கும் என்று தோன்றும், ஆனால் அங்கே காற்று தேங்கிச் சாம்பல் நோய் வரும், பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவிலும் செடிமேல் கொட்டும். வேலி அல்லது புதர்வரிசைக்குச் சற்றுத் தள்ளி நடுவது பாதுகாப்பு. மண் வளமாக, ஆழமாக, நீர் வடிவதாக இருக்க வேண்டும். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் செடி மகிழ்ச்சியாக இருக்கும். அமில மண்ணென்றால் சிறிது சுண்ணாம்பு கலந்து சரிசெய்யலாம். இரண்டு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, நன்றாக மக்கிய தொழுவுரத்தையோ இலைமட்கையோ தாராளமாகக் கலந்துவிடுங்கள். களிமண் நிலமாக இருந்தால் மணல் கலப்பதோடு நிறுத்தாமல் பாத்தியையே ஒரு சாண் உயர்த்திவிடுங்கள். செடிக்குச் செடி 60 முதல் 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நாற்று சிறிதாக இருக்கும்போது இந்த இடைவெளி வீணாகத் தெரியும். இரண்டாம் ஆண்டில் அது எதற்கென்று புரியும்.

நடும்போது தூர் மண்மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். ஒரு விரற்கடை கூடுதலாகப் புதைத்தாலும் ஈரம் தங்கி அழுகல் தொடங்கும். மூடாக்கு போடுகிறவர்கள் தூரைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம் விட்டுவிட்டுப் போடுங்கள்.

முதல் ஆண்டிலேயே பல செடிகள் ஒரு சிறு கதிர் விடும். மனம் கேட்காது என்று தெரியும். ஆனாலும் நிறம் என்னவென்று பார்க்கும் அளவுக்கு நான்கைந்து பூக்கள் விரிந்ததும் அந்தக் கதிரை வெட்டிவிடுங்கள். அந்த ஆண்டு செடி வேரில் சேமிக்கிற பலம்தான் மறு ஆண்டுக் கதிரின் நீளம்.

இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் தூரிலிருந்து கொத்தாக இளந்தண்டுகள் கிளம்பும். எல்லாவற்றையும் வளரவிட்டால் எல்லாமே மெலியும், நடுவில் காற்றுப் புகாது, இலைகளில் சாம்பல் பூக்கும். ஒரு சாண் உயரம் வருவதற்குள் மெலிந்தவற்றை அடியோடு எடுத்துவிட வேண்டும். இரண்டாம் ஆண்டுச் செடிக்கு மூன்று தண்டுகள், நன்கு வேர்கொண்ட பெரிய செடிக்கு ஐந்து முதல் ஏழு. இந்தக் கழிப்பைச் செய்யாமல் பெரிய கதிர் வேண்டும் என்று உரத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உரம் செய்யாததை ஒரு சிறு கத்தி செய்துவிடும்.

கழித்ததையும் எறிய வேண்டாம். எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளத்தில், தூரின் கட்டையோடு ஒட்டிச் சீவி எடுத்த இளந்தண்டு நல்ல போத்து. வெட்டிய அடியைப் பாருங்கள்: உள்ளே கெட்டியாக இருந்தால் வேர்விடும். நடுவில் துளை தெரிந்தால் அது அழுகிவிடும், விட்டுவிடுங்கள். இதனால்தான் போத்து எடுக்கிற காலம் வசந்தத்தின் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீள்வதில்லை. கரடுமுரடான மணலிலோ, பெர்லைட் என்ற லேசான வெண் துகள்களிலோ நட்டு, நேர் வெயில் படாமல், குளிர்ச்சியாக வைத்தால் சில வாரங்களில் வேர் இறங்கும். விதையில் பிறந்த செடி தாயின் நிறத்தைக் காக்கும் என்ற உறுதி இல்லை. போத்தில் வந்தது தாயேதான். மனத்துக்குப் பிடித்த ஒரு நீலம் அமைந்துவிட்டால் ஆண்டுதோறும் இரண்டு போத்தாவது எடுத்து வையுங்கள். தாய்ச்செடி போனாலும் அந்த நீலம் உங்களிடம் இருக்கும்.

அடுத்தது உங்களை அதிகம் வருத்திய சம்பவம், மழையில் ஒடிந்தது. டெல்ஃபினியத்தின் தண்டு உள்ளே குழல். மேலே ஐம்பது அறுபது பூக்கள் மழைநீரைத் தாங்கிக் கனக்கும்போது, காற்று ஒரு தள்ளுத் தள்ளினால் முறிந்துவிடும். ஒற்றைக் குச்சியை நட்டு, எல்லாத் தண்டுகளையும் ஒரே கயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்ததாக நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இறுக்கிக் கட்டிய இடத்திலேயே தண்டு ஒடியும், ஏனென்றால் அந்தப் புள்ளிக்கு மேலே ஆட்டம், கீழே அசைவில்லை. செடி ஒன்றரை சாண் வளர்ந்த உடனே, தூரைச் சுற்றி மூன்று கோல்களைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து ஊன்றுங்கள். வேரில் குத்தாத தொலைவு வேண்டும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மூன்று கோல்களையும் சுற்றி முதல் கயிறு. செடி வளர வளர அதற்கு மேலே இன்னும் இரண்டு சுற்று. தண்டுகள் அந்த வளையத்துக்குள் அசையலாம், வெளியே சாய முடியாது. கோலின் உயரம் கதிர் தொடங்கும் இடத்தோடு நிற்க வேண்டும். கதிரையே கோலோடு கட்டினால் காற்றில் அது கோலில் அடிபட்டே சிதையும். கதிர் தனியே ஆடட்டும். அதற்கு அந்த வலு உண்டு.

நீர் விஷயத்தில் இது பெருந்தாகம் உள்ள செடி, அதே சமயம் ஈரத்தில் உட்கார மறுக்கும் செடி. மழையில்லாத வாரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மழைக்குச் சமமான நீரை ஒரு முறையோ இரண்டு முறையோ ஆழமாக விடுங்கள். தினமும் தெளிப்பது வேரை மேலேயே தங்கவைக்கும். கதிர் உருவாகிவரும் வாரங்களில் வறட்சி பட்டால் மொட்டுகள் சுருங்கும், சாம்பல் நோயும் அந்தச் சமயம் பார்த்து வரும். இலையில் படாமல் அடியில், காலையில் ஊற்றுவது நல்லது. உரமாக வசந்தத்தில் தொழுவுரமும் ஒரு கைப்பிடி சமச்சீர் உரமும் போதும். தழைச்சத்தை அதிகமாகக் கொடுத்தால் தண்டு தளதளவென்று வளர்ந்து, பஞ்சுபோல் மிருதுவாகி, அசுவினிக்கு விருந்தாகும்.

கதிர் வாடியதும் பூப்பகுதியை மட்டும் வெட்டி, இலையுள்ள தண்டை விட்டுவையுங்கள். சில வாரங்களில் தூரிலிருந்து புதுத்தளிர் எட்டிப்பார்க்கும். அப்போது பழைய தண்டை அடியோடு நீக்கி, நீரும் சிறிது உரமும் கொடுத்தால், கோடை முடிவில் சிறியதாக ஒரு இரண்டாம் பூப்பு கிடைக்கும். பலவீனமான செடியிடம் இதைக் கேட்காதீர்கள்.

குளிர்காலத்தில் செத்ததற்கு வருகிறேன். இலைகள் மஞ்சளித்தவுடன் தண்டுகளைப் பாதி உயரத்தில் வெட்டி விட்டிருப்பீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த அரைத் தண்டு ஒவ்வொன்றும் வாய்திறந்த ஒரு குழாய். மழையும் உருகிய பனியும் அதன் வழியே நேராகத் தூருக்குள் இறங்கும். தண்டு முற்றாகக் காயும் வரை விட்டு, பிறகு மண்மட்டத்தோடு வெட்டுங்கள். அதன்மேல் கரடுமுரடான மணலை ஓரங்குல உயரத்துக்குக் குவித்துவிடுங்கள். இது நீரை வடித்துவிடும். ஓடில்லா நத்தைகளையும் தடுக்கும். நத்தைகள் பனிக்காலத்தில் சும்மா இருப்பதில்லை. வசந்தத்துக்காகத் தூரில் காத்திருக்கும் மொட்டுகளை மண்ணுக்கடியிலேயே சுரண்டித் தின்றுவிடும். மேலே எதுவும் தெரியாததால் செடி குளிரில் செத்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். நல்ல குளிர் இந்தச் செடியைக் கொல்வதில்லை. ஈரமும் நத்தையும் கொல்கின்றன.

நோய்களில் சாம்பல் நோயைச் சொல்லிவிட்டேன். இலையில் தார் தெளித்ததுபோல் கரும்புள்ளிகள் வந்தால் அது பாக்டீரியாவால் வருவது. மருந்து தேடுவதைவிட அந்த இலைகளை அகற்றி, நீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்வதே வழி. மொட்டுகள் கறுத்து, இலை முறுக்கித் தடித்தால் கண்ணுக்குத் தெரியாத சைக்ளமன் சிலந்திப்பேன் காரணமாக இருக்கலாம். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள், அருகிலுள்ளவற்றைக் காப்பாற்ற அதுவே வழி.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெல்ஃபினியம் முழுவதும் நஞ்சு. இளந்தளிரிலும் விதையிலும் மிக அதிகம். அதிலுள்ள ஆல்கலாய்டுகள் நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியையே தடுத்துவிடும். வட அமெரிக்காவின் மேற்கு மேய்ச்சல் நிலங்களில் காட்டு டெல்ஃபினியம் தின்று மாடுகள் இறப்பது நெடுங்காலப் பிரச்சினை. சிறு குழந்தைகளோ மேயும் கால்நடைகளோ எட்டும் இடத்தில் இதை நடாதீர்கள். வெட்டிய தண்டுகளைத் தீவனத்தோடு கலக்க விடாதீர்கள். கத்தரிக்கும்போது கையுறை அணியுங்கள், விதைகளைப் பெயரெழுதித் தனியே வையுங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தில் இரவும் வெப்பமாக இருக்கும் நீண்ட கோடை என்றால், பல ஆண்டுச் செடி என்ற எண்ணத்தை விட்டுவிட்டு ஒரு பருவச் செடியாக நடுங்கள். வெப்பம் தணியத் தொடங்கும்போது குளிர்ந்த இடத்தில் விதைத்து, குளிர்பருவம் முழுவதும் வளரவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பூவை எடுத்துவிட வேண்டும். அதைவிட எளிய வழி லார்க்ஸ்பர். டெல்ஃபினியத்தின் நெருங்கிய உறவு, ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து முடிந்துவிடும். ஆணிவேர் உள்ளதால் இடம் மாற்றினால் முகம் சுளிக்கும். குளிர்ந்த மண்ணில் நேரடியாகத் தூவிவிடுங்கள். கதிர் மெலிதுதான், நீலத்தில் குறையில்லை.

பூவைச் சாடியில் வைக்க விரும்பினால், கதிரில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு விரிந்ததும் அதிகாலையில் வெட்டுங்கள். குழல் தண்டைத் தலைகீழாகப் பிடித்து நீர் நிரப்பி, சிறிது பஞ்சால் அடைத்துச் சாடியில் வைத்தால் கூடுதல் நாள் நிற்கும். பழங்கள் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் பூக்கள் உதிர்ந்துவிடும், ஆகவே பழக்கூடையின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தளிர்க்காத அந்தச் செடிகளைப் பற்றி இன்னும் ஒன்று. அவற்றைத் தூக்கி எறிவதற்கு முன், விரலால் மண்ணை விலக்கித் தூரைத் தொட்டுப் பாருங்கள். கொழகொழத்து நாற்றமடித்தால் அந்த மண்ணோடு அகற்றிவிட்டு, அடுத்த செடியை வேறிடத்தில் நடுங்கள். கெட்டியாக இருந்தால் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெண்மையாகத் தெரிந்தால் அது சாகவில்லை; மொட்டுகளை மட்டுமே நத்தைகள் தின்றிருக்கின்றன. மணலைப் போர்த்தி, நீரைக் குறைத்து, ஒரு மாதம் பொறுத்திருங்கள். அப்படி விட்ட தூர் ஒன்று, நான் கைவிட்ட பிறகு ஆறாவது வாரத்தில், மண்ணைக் கீறிக்கொண்டு இரண்டு தளிர் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.